பத்து நாள் வெளிநாட்டுப் பயணத்தில் பன்னாட்டு வணிகம் புரியுமா?

கேள்வி இதுதான்: இளங்கலையில் பன்னாட்டு வணிகம் படிக்கும் ஒருவருக்கு, துறையே ஏற்பாடு செய்யும் பத்து நாள் வெளிநாட்டுக் கல்விப் பயணத்தில் சேர வாய்ப்பு வந்திருக்கிறது. செலவு பெரிது. போய் வந்த சீனியர்களைக் கேட்டால் படங்களைக் காட்டுகிறார்கள், என்ன படித்தீர்கள் என்றால் விழிக்கிறார்கள். இதில் உண்மையிலேயே ஏதாவது கற்க முடியுமா? முடியும் என்றால் எப்படிப்பட்ட பயணத்தில்?

இப்படிப் பல பயணங்களுக்கு மாணவர்களை அழைத்துப் போனவன் என்ற முறையில் சொல்கிறேன். என் முதல் பயணம் படுதோல்வி. எட்டு நாளில் பதினோரு நிறுவனங்கள். எங்கே போனாலும் அதே குளிரூட்டிய கூட்ட அறை, அதே மாதிரி ஒரு மக்கள் தொடர்பு அதிகாரி, நாற்பது ஸ்லைடு, உலக வரைபடத்தில் கிளைகளைக் காட்டும் புள்ளிகள், வெளியே வரும்போது ஒரு பேனா. ஐந்தாம் நாள் பின்வரிசையில் பாதிப் பேர் தூங்கினார்கள். ஒருமுறை நானும் கண்ணயர்ந்தேன். திரும்பி வந்ததும் வாங்கிய அறிக்கைகளில் இருந்ததெல்லாம் அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்தில் முன்பே இருந்தது. தவறு மாணவர்களுடையதல்ல, நிரல் போட்ட என்னுடையது.

அதற்குப் பிறகு நான் பிடித்துக்கொண்ட வழி ஒன்றுதான்: நிறுவனங்களைப் பார்க்கப் போகாதீர்கள், ஒரு பொருளின் பின்னால் போங்கள். பத்து நாளில் ஒரு நாட்டைப் புரிந்துகொள்ள முடியாது. ஆனால் ஒரு பொருள் அந்த நாட்டுக்குள் எப்படி நுழைகிறது, எங்கே காத்திருக்கிறது, யார் கையில் விலை கூடுகிறது, எந்தக் காகிதம் இல்லாவிட்டால் நின்றுபோகிறது என்பதைப் பத்து நாளில் நன்றாகவே பார்த்துவிடலாம்.

வெட்டிய ரோஜாவை எடுத்துக்கொள்வோம். கென்யாவின் நைவாஷா ஏரிக்கரைப் பண்ணைகளில் வெட்டப்படும் ரோஜா குளிர்பதன லாரியில் நைரோபி விமான நிலையம் வருகிறது, அங்கிருந்து பறந்து ஐரோப்பா போகிறது. அதில் கணிசமான பங்கு நெதர்லாந்தில், ஸ்கிபோல் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள ஆல்ஸ்மீர் என்ற ஊரைத் தொட்டுப் போகிறது. அங்கேதான் ராயல் ஃபுளோரா ஹாலந்தின் பூ ஏலம். இது பூ வளர்ப்பவர்களே உரிமையாளர்களாக இருக்கும் கூட்டுறவு. ஏலக் கட்டடம் உலகின் மிகப் பெரிய கட்டடங்களில் ஒன்று. பார்வையாளர்களுக்கென்று மேலே நடைபாதை இருக்கிறது, ஆனால் விடியற்காலையில் போய்விட வேண்டும். ஒன்பது மணிக்குப் பேருந்தில் போய் இறங்கும் குழு காலி வண்டிகளைத்தான் பார்க்கும்.

ஏலம் நமக்குப் பழகிய முறைக்கு நேர்த்தலைகீழ். கடிகார முள் உயர்ந்த விலையில் தொடங்கி இறங்கிக்கொண்டே வரும். முதலில் பொத்தானை அழுத்துபவருக்குச் சரக்கு. வழக்கமான ஏலத்தில் கேட்பவர்கள் போட்டிபோட்டு ஏற்றிக்கொண்டே போக நேரம் பிடிக்கும். இங்கே ஒரே அழுத்தலில் ஒரு விற்பனை முடிந்துவிடும். மணிக்கணக்கில் வாடும் பொருளுக்கு இந்த வேகம் தேவை. விலை நிர்ணயம் பற்றிய பாடம் வகுப்பில் இரண்டு மணி நேரம் எடுக்கும். இங்கே ஐந்து நிமிடத்தில் ஒரு மாணவி என் தோளைத் தட்டி, ‘கொஞ்சம் பொறுத்தால் விலை இறங்கும், ஆனால் பக்கத்து ஆள் அழுத்திவிட்டால் போச்சு, அப்படித்தானே?’ என்றாள். அவ்வளவுதான்.

அதன்பிறகுதான் நல்ல கேள்விகள் வரத் தொடங்கும். ஆப்பிரிக்காவில் விளைந்த ரோஜாவுக்கு ஏன் நெதர்லாந்தில் விலை வைக்கிறார்கள்? வாங்குபவர்களில் பெரும்பாலோர் இப்போது கணினி முன்னால் எங்கோ உட்கார்ந்தபடியே பொத்தானை அழுத்துகிறார்கள் என்றால், பூவை இந்தக் கட்டடத்துக்கு ஏன் கொண்டுவர வேண்டும்? பெரிய சூப்பர்மார்க்கெட்டுகள் ஏலத்தைத் தாண்டிப் பண்ணைகளிடமே நேரடியாக ஒப்பந்தம் போடும்போது கூட்டுறவு எதை விற்றுப் பிழைக்கும்? தரம் பிரித்தல், பணம் வந்து சேரும் என்ற உத்தரவாதம், ஒரே இடத்தில் பல நாட்டுப் பூக்களைச் சேர்த்து ஒரே லாரியில் அனுப்பும் வசதி என்று விடைகள் ஒவ்வொன்றாக வரும்போது, இடைத்தரகர் என்ற சொல்லைக் கொஞ்சம் இளக்காரமாகச் சொல்லிக்கொண்டிருந்த மாணவர்கள் அமைதியாகிவிடுவார்கள்.

இந்தத் தடத்திலேயே சுங்கமும் வந்துவிடுகிறது. உலக சுங்க அமைப்பின் ஹார்மனைஸ்டு முறையில் (எச்.எஸ்., சரக்குகளை வகைப்படுத்தி எண் தரும் பட்டியல்) வெட்டிய ரோஜாவுக்கு எண் 0603.11. எச்.எஸ். எண்ணின் முதல் ஆறு இலக்கம் அந்த முறையைப் பின்பற்றும் எல்லா நாடுகளுக்கும் பொது, அதற்கு மேல் ஒவ்வொரு நாடும் தன் வசதிக்கு நீட்டிக்கொள்ளும். ஐரோப்பிய ஒன்றியத்தில் வெட்டுப்பூவுக்கான பொதுவான இறக்குமதி வரி கோடையில் ஒன்று, குளிர்காலத்தில் ஒன்று. ஏன் என்று கேட்டால் உள்நாட்டுப் பூ எப்போது பூக்கிறது என்ற விவசாயக் கேள்வி வரும். கென்யாவுக்கு அந்த வரி இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியம்–கென்யா பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தம் அந்தச் சலுகைக்கு நிரந்தர அடித்தளம் போட்டது. வரி இல்லையென்றால் தடையே இல்லையா? இருக்கிறது. பூவுக்குள் அந்துப்பூச்சிப் புழு இருக்கிறதா என்று எல்லையில் சோதிக்கிறார்கள், இருந்தால் சரக்கு நிற்கும். வரிசார் தடை, வரிசாராத் தடை என்று தேர்வுக்கு மனப்பாடம் செய்த இரண்டும் ஒரு கொத்துப் பூவில் வந்து உட்கார்ந்துவிடுகின்றன.

ரோஜாதான் வேண்டும் என்றில்லை. காபிக்கொட்டை, மிதிவண்டி, பழைய துணி, செல்போனின் ஒரு பாகம் எதுவானாலும் சரி. தடம் தெரிய வேண்டும், தடத்தில் ஆட்கள் கிடைக்க வேண்டும்.

துறைமுகம் ஒன்றை எந்த நிரலிலும் சேர்க்கச் சொல்வேன். 1956 ஏப்ரல் 26 அன்று ‘ஐடியல் எக்ஸ்’ என்ற கப்பல் நியூவர்க்கிலிருந்து 58 பெட்டிகளுடன் ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது, கண்டெய்னர் யுகம் அங்கிருந்து எண்ணப்படுகிறது என்பது பாடத்தில் ஒரு வரி. இன்றைய பெருங்கப்பல்கள் இருபதடிப் பெட்டிக் கணக்கில் இருபத்து நாலாயிரத்துக்கும் மேல் சுமக்கின்றன என்பது அடுத்த வரி. இரண்டையும் படித்துவிட்டு, ராட்டர்டாமில் கடலைத் தூர்த்து உருவாக்கிய மாஸ்ஃப்ளாக்டெ 2 பகுதியின் வேலி ஓரம் நின்றால் மாணவர்கள் முதலில் கேட்பது கப்பலின் நீளத்தை அல்ல. ‘சார், ஆளையே காணோமே?’ என்பார்கள். அங்குள்ள முனையங்களில் கரை கிரேன்களைக் கட்டுப்பாட்டு அறையில் இருந்தே இயக்குகிறார்கள். பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஓட்டுநர் இல்லாத வண்டிகள் தாமே ஊர்கின்றன. 2024 அக்டோபர் தொடக்கத்தில் அமெரிக்கக் கிழக்குக் கடற்கரைத் துறைமுகத் தொழிலாளர்கள் மூன்று நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள், அவர்களுடைய குறைகளில் ஒன்று தானியங்கிமயம் என்பதை அந்த வேலி ஓரத்தில் வைத்துச் சொன்னால் விளக்கவே வேண்டாம்.

ஊரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு இருந்தால், பெரிய நுகர்வுச் சந்தைகளை விட இடைவழி ஊர்களைப் பரிந்துரைப்பேன். சிங்கப்பூரில் இறங்கும் பெட்டிகளில் பெரும்பாலானவை சிங்கப்பூருக்கானவையே அல்ல, கப்பல் மாற வந்தவை. துபாயின் ஜெபல் அலி துறைமுகமும் 1985-இல் தொடங்கிய அதன் தடையற்ற வணிக வளாகமும் இன்னொரு வகை. ஜெனீவா விசித்திரமான வகை: சுவிட்சர்லாந்துக்குக் கடலே கிடையாது, ஆனால் உலகின் மிகப் பெரிய கண்டெய்னர் கப்பல் நிறுவனமான எம்.எஸ்.சி.யின் தலைமையகம் அங்கே. எண்ணெயும் தானியமும் கைமாறும் வணிக அலுவலகங்கள் அங்கே. 1995-இல் உருவான உலக வர்த்தக அமைப்பும் அங்கே. கைமாறும் சரக்கு தன் வழியாகப் போகாமலேயே ஓர் ஊர் சரக்கு வணிகத்தின் மையமாக இருப்பது எப்படி என்ற கேள்வியோடு போனால் நாலு நாள் போதாது.

இனி, யாரைச் சந்திப்பது? மக்கள் தொடர்பு அதிகாரியைத் தவிர யாரையும். சரக்கை அனுப்பிவைக்கும் ஏற்பாடுகளைச் செய்யும் ஃபார்வர்டர், சுங்க முகவர், கிடங்கு மேற்பார்வையாளர், வங்கியில் லெட்டர் ஆஃப் கிரெடிட் (காகிதங்கள் சரியாக இருந்தால் விற்பவருக்குப் பணம் தருவதாக வங்கி தரும் உறுதி) ஆவணங்களைச் சரிபார்ப்பவர், பத்துப் பேர் வேலை செய்யும் சிறு இறக்குமதி நிறுவனத்தின் முதலாளி. இவர்களுக்கு ஸ்லைடு போடத் தெரியாது, அதுவே நல்லது. கேள்வியும் அவர்கள் தினமும் தொடும் விஷயமாக இருக்க வேண்டும். ‘உங்கள் உலகளாவிய உத்தி என்ன?’ என்று கேட்டால் விளம்பர வாசகம்தான் பதிலாக வரும். ‘போன மாதம் எந்தச் சரக்கு தாமதமானது, எந்தக் காகிதத்தால்?’ என்று கேட்டுப் பாருங்கள், கதை வரும்.

நான் மாணவர்களிடம் எப்போதும் கொடுத்தனுப்பும் கேள்வி ஒன்று உண்டு. விற்பவர், வாங்குபவர் இருவரில் செலவும் பொறுப்பும் எந்த இடம்வரை யாருக்கு என்று சொல்லும் இன்கோடெர்ம்ஸ் 2020 பதிப்பில் 11 விதிகள். அவற்றில் எஃப்.ஓ.பி. கப்பலில் சரக்கு ஏறியதும் பொறுப்பு வாங்குபவருக்குக் கைமாறும் விதி. கண்டெய்னர் சரக்கையோ கப்பல் வருவதற்கு முன்பே முனையத்தில் ஒப்படைத்துவிடுகிறோம். அதனால் கண்டெய்னருக்கு, சரக்கைக் கொண்டுபோகும் நிறுவனத்திடம் ஒப்படைத்ததுமே பொறுப்பு கைமாறும் எஃப்.சி.ஏ. விதிதான் பொருத்தம் என்பது விதிகளை வெளியிடும் பன்னாட்டு வர்த்தக சபையின் நிலைப்பாடு. ஆனால் உலகெங்கும் கண்டெய்னர் சரக்கு எஃப்.ஓ.பி. என்ற பெயரில் விற்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது. ஏன்? இதை ஒரு ஃபார்வர்டரிடம் கேளுங்கள். வங்கி ‘கப்பலில் ஏற்றப்பட்டது’ என்ற குறிப்புள்ள பில் ஆஃப் லேடிங் (கப்பல் நிறுவனம் தரும் சரக்குச் சீட்டு) கேட்கிறது என்பார், வாங்குபவருக்கு அதுதான் பழக்கம் என்பார், சிலர் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுவார்கள். பாடநூல் விதிக்கும் துறைமுக வழக்கத்துக்கும் நடுவே இருக்கும் அந்த இடைவெளியைப் பார்ப்பதற்குத்தான் நீங்கள் இவ்வளவு செலவு செய்து போகிறீர்கள்.

தொழிற்சாலையும் பார்க்கலாம், உற்பத்தித் தளத்துக்குள் விடுவார்கள் என்றால் மட்டும். டொயோட்டாவில் ‘கெஞ்சி கெம்புட்சு’ என்று ஒரு கொள்கை: அறிக்கையை நம்பி முடிவெடுக்காதே, நடக்கும் இடத்துக்கே போய்ப் பொருளையே பார். கோளாறு தெரிந்தால் தளத்தில் நிற்கும் எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து வரிசையை நிறுத்த வழி செய்யலாம் என்று படித்திருப்பீர்கள். பார்வையாளர் மேடையில் நின்று, கயிற்றை இழுத்து எச்சரிக்கை விளக்கு எரிந்ததும் யார் ஓடி வருகிறார், எத்தனை நொடியில் வருகிறார், திட்டுகிறாரா உதவுகிறாரா என்று கவனியுங்கள்.

பண்பாட்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை. போகுமுன் எல்லாரும் நாடுகளின் பண்பாட்டை ஒப்பிட ஹாஃப்ஸ்டெட் என்ற ஆய்வாளர் வகுத்த பரிமாணங்களைப் படித்துவிட்டுப் போகிறார்கள். அவை 1967-க்கும் 1973-க்கும் இடையே ஐ.பி.எம். ஊழியர்களிடம் நடத்திய கருத்துக்கணிப்பிலிருந்து தொடங்கியவை. நாடுகளின் சராசரியைப் பேசுபவை, உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கும் மனிதரை அல்ல. பத்து நாள் பயணத்தின் பெரிய ஆபத்து, இரண்டு டாக்சி ஓட்டுநரையும் ஒரு வரவேற்பாளரையும் பார்த்துவிட்டு ‘அந்த நாட்டுக்காரர்கள் இப்படித்தான்’ என்று முடிவோடு திரும்பி வருவது. போகாதவருக்காவது சந்தேகம் இருக்கும். போய் வந்தவருக்கு அதுவும் இருக்காது.

அமெரிக்கச் சில்லறைக்கடை நிறுவனமான வால்மார்ட் ஜெர்மனியில் தோற்ற கதை எல்லா வகுப்பிலும் வரும். 1997-இல் நுழைந்து 2006-இல் கடைகளை மெட்ரோ குழுமத்திடம் விற்றுவிட்டு வெளியேறியது. வகுப்பில் சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் புன்னகை: வாசலில் நின்று சிரித்து வரவேற்றது ஜெர்மானியர்களுக்குப் பிடிக்கவில்லையாம். சுவையான கதை, அதனாலேயே நிலைத்துவிட்டது. ஜெர்மனியின் மலிவுக் கடைகளான ஆல்டியும் லீடலும் முன்பே விலையைத் தரைமட்டத்தில் வைத்திருந்ததும், அடக்கவிலைக்குக் கீழே விற்கக் கூடாது என்று 2000-இல் ஜெர்மனியின் போட்டி ஆணையம் தலையிட்டதும் கதையில் காணாமல் போய்விடுகின்றன. மேலாண்மைப் பேராசிரியர் பங்கஜ் கெமாவத் 2001-இல் நாடுகளுக்கு இடையிலான தூரத்தை நான்காகப் பிரித்தார்: பண்பாடு, நிர்வாகம், புவியியல், பொருளாதாரம். என் மாணவர்களின் குறிப்பேட்டில் ஒவ்வொரு பக்கத்தையும் இந்த நான்கு பத்திகளாகக் கோடு போடச் சொல்கிறேன். முதல் மூன்று நாள் பண்பாட்டுப் பத்தி மட்டும் நிரம்பி வழியும், மற்றவை காலி. நிர்வாகப் பத்தி நிரம்பத் தொடங்கும் நாளில் பயணம் சூடு பிடித்துவிட்டது என்று தெரிந்துகொள்வேன்.

கற்றல் தானாக நடக்கும் என்று நம்பிவிடாதீர்கள். அமெரிக்க மாணவர்களைப் பற்றி 2009-இல் வெளியான ஜார்ஜ்டவுன் கூட்டாய்வின் முக்கியமான செய்தி, வெளிநாட்டில் வெறுமனே இருந்ததால் பண்பாட்டுப் புரிதல் பெரிதாக வளர்ந்துவிடவில்லை, பார்த்ததைக் கூடவே அமர்ந்து பேசி அலச ஒரு வழிகாட்டி இருந்த இடங்களில்தான் வளர்ந்தது என்பது. என் அனுபவமும் அதுவே. தினமும் மாலையில் முக்கால் மணி நேரம், யாரும் ஸ்லைடு போடாமல், இன்று எது எதிர்பார்த்தபடி இல்லை என்று ஆளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நிரலில் இந்த முக்கால் மணி நேரத்துக்கு இடமில்லை என்றால், அங்கே கடைத்தெருதான் இருக்கிறது என்று பொருள்.

கிரெடிட் கணக்கையும் கேளுங்கள். ஐரோப்பாவின் எராஸ்மஸ் பிளஸ் என்ற கல்விப் பரிமாற்றத் திட்டத்தில் குறுகிய கலப்புப் பயிற்சி என்று ஒரு வகை உண்டு: நேரில் 5 முதல் 30 நாள், அதோடு கட்டாயமாக ஓர் இணையவழிப் பகுதி, குறைந்தது 3 கிரெடிட். அங்கே ஒரு கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. ஆக 75 மணி நேரமாவது வேலை இருக்கிறது, பயண நாட்களில் மட்டும் அதை முடிக்க முடியாது. உங்கள் துறை கிரெடிட் கொடுக்கிறதா, எதற்கு மதிப்பெண், யார் திருத்துவது என்று கேளுங்கள். ‘சான்றிதழ் தருவோம்’ என்று மட்டும் பதில் வந்தால் அதைச் சுற்றுலா என்றே கணக்கில் வையுங்கள். சுற்றுலா தவறில்லை, ஆனால் அதைத் தனியாகப் போனால் மலிவு.

முன்தயாரிப்பு ஆறு வாரத்துக்கு முன் தொடங்க வேண்டும். உங்கள் பொருளின் எச்.எஸ். எண்ணைக் கண்டுபிடித்து, பன்னாட்டு வர்த்தக மையத்தின் டிரேட் மேப் தளத்தில் யார் யாருக்கு விற்கிறார்கள் என்று பார்த்து, ஒரு பக்கம் எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்தில் உங்களுக்கே புரியாத இரண்டு எண்கள் நிச்சயம் இருக்கும். அவையே உங்கள் கேள்விகள்.

நடைமுறையில் பயணங்கள் இடறும் இடங்கள் சின்னவை. துறைமுகத்துக்குள் போகக் கடவுச்சீட்டு விவரம் முன்கூட்டியே கேட்பார்கள். 2004 ஜூலையில் நடைமுறைக்கு வந்த கப்பல், துறைமுகப் பாதுகாப்பு விதிகளுக்குப் பிறகு எங்கும் இதே கெடுபிடிதான், கடைசி நேரத்தில் சேர்ந்த மாணவர் வாசலில் நிற்க வேண்டிவரும். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா தேவைப்படும் கடவுச்சீட்டு என்றால் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், பதினைந்து நாளுக்குக் குறையக் கூடாது, குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். இறங்கிய அன்றே தொழிற்சாலை வைக்காதீர்கள், தூக்கக் கலக்கத்தில் எதுவும் ஏறாது. உற்பத்தித் தளத்தில் படம் எடுக்காதீர்கள். ஒருவர் எடுத்ததால் அடுத்த ஆண்டுக் குழுவுக்கு அந்தக் கதவே மூடிப்போன கசப்பு எனக்கு உண்டு.

தேதி உங்கள் கையில் இருந்தால் ஒரு வணிகக் கண்காட்சியோடு பொருத்துங்கள். குவாங்சோவில் 1957 முதல் நடக்கும் கேண்டன் சந்தை வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் கூடுகிறது. அங்கே ஒரு நாளில் ஐம்பது விற்பனையாளரிடம் குறைந்தபட்ச ஆர்டர் எவ்வளவு, முன்பணம் எத்தனை சதவீதம், விலை எந்த இன்கோடெர்ம்ஸ் விதியில் என்று கேட்டுவிடலாம். ஆனால் வாங்க வந்தவர் போல நடிக்காதீர்கள். மாணவர் என்று சொல்லிவிட்டு, கூட்டம் குறைந்த பிற்பகலில் போங்கள். அவர்கள் நேரத்துக்கும் விலை உண்டு, உண்மையைச் சொன்னவருக்குப் பலர் தாராளமாகவே நேரம் கொடுப்பார்கள்.

செலவைப் பற்றிக் கேட்டீர்கள். கடன் வாங்கித்தான் போக வேண்டும் என்றால், போகாதீர்கள். வெளிநாட்டுக் கல்லூரியில் ஒரு செமஸ்டர் படிக்கும் பரிமாற்றத்தில் படிப்புக் கட்டணம் பெரும்பாலும் சொந்தக் கல்லூரியில் கட்டுவதோடு முடிந்துவிடும், கற்பதும் பல மடங்கு. அதற்குக் காத்திருப்பது மேல். இல்லையென்றால் பக்கத்தில் இருக்கும் துறைமுகத்திலோ சரக்கு விமான நிலையத்திலோ ஒரு ஃபார்வர்டர் அலுவலகத்தில் இரண்டு மாதம் பயிற்சிக்கு உட்காருங்கள். பன்னாட்டு வணிகம் அங்கேயும் தினமும் வந்து போகிறது. பயணம் போனால் வேலை கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நேர்காணலில் ‘பத்து நாள் போனேன்’ என்பது அரை நிமிடப் பேச்சு. ‘ஏன் இன்னும் எஃப்.ஓ.பி.யில் விற்கிறீர்கள் என்று ஒருவரிடம் கேட்டேன், அவர் சொன்னது இது’ என்றால் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

கையில் பணமும் இருக்கிறது, தயக்கமும் இருக்கிறது என்றால், முன்பணம் கட்டுவதற்கு முன் துறையிடம் நாள்வாரி நிரலைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு சந்திப்புக்கும் பக்கத்தில் நிறுவனத்தின் பெயர் மட்டும் இருக்கிறதா, பேசப்போகும் ஆளின் வேலை என்ன என்றும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஏழாம் நாளைப் பாருங்கள். பெரும்பாலான நிரல்களில் அந்த நாளுக்கு நேரே ‘ஓய்வு, பொருள் வாங்குதல்’ என்று இருக்கும். அந்த நாளில் நாலு பேர் சேர்ந்து உங்கள் பொருளின் தடத்தில் எங்காவது போய்வர அனுமதி உண்டா என்று ஒருங்கிணைப்பாளரிடம் கேளுங்கள். ‘எங்கே போகப்போகிறீர்கள்?’ என்று அவர் திருப்பிக் கேட்டால் சேருங்கள்.